கூனிமலையில் யூஜின் உறங்கியது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற சத்தியம் அல்ல. சுசீந்திரத்தில் சூடம் அணைத்து ஒரு தடவை, கடற்கரைக் குருசடியில் மெழுகுதிரி பிடித்து ஒரு தடவை, ஆக இரண்டு இடத்திலும் செய்தாயிற்று. ஒன்று பிசகினாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவர்கள் அவரவர் மனசாட்சியோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

யூஜின் ஓராண்டும் ஐம்பத்திரண்டு நாளும் உறங்கவில்லை.

சற்றே கண் அயர்ந்தார், கோழித்தூக்கம் போட்டார் என்கிற பேச்செல்லாம் கிடையாது. 2012 சித்திரையின் கடைசியில் மனைவி விக்டோரியாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தார். கண் மூடவில்லை. மறுநாளும் மூடவில்லை. குளச்சலுக்கு மேற்கே இருக்கும் அந்தக் கடற்கரை ஊர் முதல் வாரம் பரிதாபப்பட்டது. இரண்டாவது வாரம் யோசித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அவரைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் அலாரம் வைப்பதை விட்டுவிட்டார்கள். யூஜின் வந்து கதவைத் தட்டுவார். பல் முளைக்கிற பிள்ளைகளை அவர் மடியில் கொடுத்துவிட்டுத் தாய்மார்கள் படுக்கப் போனார்கள். தெருநாய் தன் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு மாதாகோயில் படிக்கட்டில் நிம்மதியாகப் படுத்தது. ஊரில் இருந்த ஒரே திருடன் பிழைப்பு கெட்டு அருமனைக்குக் குடிபெயர்ந்தான்.

நாகர்கோவில் டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிகிறதா என்று பார்க்க எதிரே உட்கார்ந்து யூஜினின் கண்ணையே உற்றுப் பார்த்தார். முக்கால் மணிநேரத்தில் டாக்டர் உறங்கிவிட்டார். வெளியே காத்திருந்த பதினான்கு பேரையும் யூஜின்தான் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. முப்பத்து நான்கு ஆண்டு கடல் அனுபவம். ஒரு நாள்கூட வழி தவறியதில்லை. கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைத்திட்டை 'பார்' என்பார்கள். நடுக்கடலில் தண்ணீரைப் பார்த்து அது எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாது. கரையைத்தான் பார்க்க வேண்டும். கோயில் குருசும் அதன் பின்னால் மலைமுகடும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு பனையும் ஒரு குன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அடியில் பார் இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். யூஜின் கணியம் பிடித்துப் போட்ட தூண்டில், மீனின் வாய்க்குள்ளேயே நேராக இறங்கியது என்று சொல்வார்கள். அது மிகை. வாய்க்கு அரை அடி தள்ளித்தான் இறங்கியது.

அவருடைய முதல் அடையாளம் கூனிமலை. வடகிழக்கே, முதுகு வளைந்து நிற்கும் மலை. முப்பத்து நான்கு ஆண்டும் அதைக் கடலிலிருந்து பார்த்தாரே தவிர, ஒரு நாளும் அதன் பக்கத்தில் போனதில்லை.

ஒரே மகள் லிஜா நர்சிங் முடித்தவள். குவைத்தில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. ஆனி மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டியும் வாங்கியாயிற்று. அவள் போகமாட்டேன் என்றாள்.

"நீங்க ஒறங்கினத நான் எனக்க கண்ணால பாக்கணும். பாத்தா பிளைட்டு ஏறுவேன். இல்லன்னா குவைத்துக்காரன் வேற ஆளப் பாத்துக்கிடட்டும்."

"எனக்கு என்ன கேடு மக்களே? நீ போ. நீ போன பெறவு நான் ஒறங்கிக்கிடுவேன்."

"ஒறங்கிட்டுச் சொல்லுங்க."

யூஜின் நடித்துப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்து, குறட்டையும் விட்டார். லிஜா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவர் கால் பெருவிரலைப் பார்த்தாள். அது சுக்கான் பிடிப்பதுபோல் வலமும் இடமும் அசைந்துகொண்டிருந்தது.

"எந்தப் பாருக்குப் போறீய அப்பா?" என்றாள்.

யூஜின் கண்ணைத் திறந்தார். அத்தோடு நடிப்பு முடிந்தது.

லிஜா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அருமனைக்காரர் ஞானதாசன் முதுகுவலிக்கு ஊசி போட வருவார். துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பத்தொன்பது ஆண்டு வெல்டராக இருந்து திரும்பியவர். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஜப்பான்காரர் ஒருவர், பாலைவனத்தில் நட்டிருந்த ஒரே வேப்பமரத்தடியில் தினமும் அரைமணி சும்மா நிற்பாராம். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னதைத்தான் ஞானதாசன் ஊருக்குக் கொண்டுவந்தார்.

"ஜப்பான்ல டாக்டர் சீட்டுல எழுதியே கொடுப்பான் கேட்டியா மக்களே. மாத்திரைக்குப் பதிலா மரம். காட்டுக்குள்ள போயி சும்மா நடக்கணும். பேசப்படாது, போன் எடுக்கப்படாது, எங்கயும் போய்ச் சேரவும் படாது. காட்டுக்குளியலுன்னு பேரு. சனிக்கெழம தோறும் கூனிமலைக்குக் கொண்டுபோறேன். ஒனக்க அப்பாவ அனுப்பு."

முதல் சனிக்கிழமை கூனிமலை அடிவாரத்தில் கூடிய ஒன்பது பேரில் ஏழு பேர் குளிக்கத் தோர்த்துத்துண்டும் சோப்பும் கொண்டுவந்திருந்தார்கள். ஞானதாசன் விளக்கமாக எடுத்துச் சொன்னார். இரண்டாவது சனிக்கிழமை ஆறு பேர் கொண்டுவந்தார்கள்.

வந்தவர்களில் யாரும் உடம்பு நோய்க்காரர் அல்ல. முத்துக்குமாரசாமி சுசீந்திரம் பக்கத்து வெள்ளாளர். மகன் நச்சரிப்பு தாங்காமல் வயலை மனைக்கட்டுக்கு விற்றிருந்தார். ஆனால் அவர் காலுக்கு அதை யாரும் சொல்லவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அது தானாக எழுந்து வரப்புப் பார்க்கப் போய், அங்கே புதிதாகக் கட்டியிருந்த ஒரு வீட்டின் அடுக்களைக்குள் போய் நிற்கும். முதல் நாள் அந்த வீட்டுப் பெண் கத்தினாள். பிறகு பழகிப்போய், தினமும் ஐந்து மணிக்கு ஒரு தம்ளர் காப்பி கூடுதலாகப் போட ஆரம்பித்தாள். முத்துக்குமாரசாமி அதைக் குடித்துவிட்டு அழுதுகொண்டே வருவார்.

தாணம்மாளும் சுசீந்திரத்துக்காரிதான், ஆனால் கதை வேறு. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, நல்ல சிவப்பு. சண்டை போட ஆளில்லாமல் வாடிப்போனவள். நாத்தனார் செத்துப்போனாள், பக்கத்து வீட்டுக்காரி சென்னைக்கு மகனோடு போய்விட்டாள். மிச்சம் இருந்தது மருமகள் ஒருத்தி. அவளோ எதைச் சொன்னாலும் "சரி அத்தை" என்பாள். "சாம்பார்ல உப்பில்ல" என்றால் "சரி அத்தை." "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு" என்றாலும் "சரி அத்தை." ஆறு ஆண்டாக அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தாணம்மாளுக்கு மூச்சு முட்டியது.

முதல் சனிக்கிழமை பஸ்ஸில் யூஜின் அவளுக்கு முன்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்ததுமே அவள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வண்டிக்குள்ள மீன்கூடை ஏத்தியிருக்கியளா?"

யூஜின் திரும்பினார். "கூடை இல்லக்கா. நான் மட்டுமாக்கும்."

"அப்பம் சன்னலோரமா இரியும். காத்து வெளிய போட்டும்."

"காத்து உள்ளாற வரதுக்குத்தானக்கா சன்னலு. வெளிய போறதுக்கு நீங்க எறங்கினாப் போதும்."

தாணம்மாள் முகத்தில் ஆறு ஆண்டுக்குப் பிறகு ரத்தம் ஏறியது. அடுத்த சனிக்கிழமை அவள் முதல் ஆளாக வந்து பஸ்ஸில் இடம் பிடித்தாள். யூஜினுக்கும் சேர்த்து, முன் சீட்டில்.

கூனிமலைக் காட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே மரங்களின் உச்சி மிக உயரம். காலை ஏழு மணிக்கு உச்சியில் விழுந்த வெயில் கிளை கிளையாக இறங்கித் தரைக்கு வந்து சேரப் பிற்பகல் நாலு மணி ஆகும். ஆகவே அங்கே எப்போதும் காலை வெயில் சாயங்காலம்தான் அடித்தது. காற்று அவ்வளவு கெட்டி. முத்துக்குமாரசாமி இரண்டு தடவை அதை மென்று விழுங்கினார், சுக்கு மணம் வந்தது என்றார். கூவினால் எதிரொலி உடனே வராது. அடுத்த சனிக்கிழமை வரும். அட்டைக்குக்கூட மரியாதை தெரிந்தது. கடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கும். மூன்றாவது சனிக்கிழமை ஒரு ஒற்றை யானை வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டது. சத்தமில்லாமல் மெல்ல நடந்தது, நேரம் முடிந்ததும் போய்விட்டது. ஞானதாசன் பெயர்ப்பட்டியலில் அதற்கும் ஒரு கோடு போட்டார்.

மற்றவர்களுக்கெல்லாம் குணம் தெரிந்தது. யூஜினுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ஞானதாசனுக்குத் தெரிந்தே இருந்தது. சும்மா நடக்க யூஜினால் முடியவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்று, ஒற்றைக்கண்ணை மூடி, ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொள்வார்.

"யூஜின் அண்ணே, மரத்த மரமாப் பாரும்."

"பாக்கேன் தாசா. ஆனா எங்க நிக்கேன்னு தெரியாம எப்படி நிக்கது?"

"தெரியாம நிக்கதுக்குத்தானே இங்க வந்தது."

"அது கரைக்காரனுக்கு. எங்களுக்கு எங்க நிக்கோம்னு தெரியலன்னா செத்தோம்னு அர்த்தம்."

தாணம்மாள் பின்னாலிருந்து, விதிமுறைப்படி, காதோடு காதாகச் சொன்னாள். "பேசாம நடக்கத் தெரியல. மீனு எப்படித்தான் இவருகிட்ட மாட்டிச்சோ."

நான்காவது சனிக்கிழமை வந்தது. லிஜாவின் விமானம் திங்கள்கிழமை மாலை மூன்று ஐம்பதுக்கு, திருவனந்தபுரத்திலிருந்து. அவள் பெட்டி கட்டவில்லை. அன்று காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது யூஜினின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, "திங்கக்கெழம காலம்பற டிக்கெட்டத் திருப்பிக் கொடுத்திருதேன் அப்பா. பாதிப் பைசாவாவது கிடைக்கும்" என்றாள். கோபமில்லை. அதுதான் யூஜினுக்குத் தாங்கவில்லை.

காட்டுக்குள் போய் முக்கால் மணிநேரம்கூட ஆகியிருக்காது, சாரலோடு மூடுபனி இறங்கியது. அந்தப் பனி எப்படிப்பட்டதென்றால், விசிலை எடுத்து வாயில் வைக்கப் போன ஞானதாசனுக்குத் தன் வாயைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. பனி சற்று விலகியபோது மேலே எது, கீழே எது, வந்த பாதை எது என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்பது பேரும் சேர்ந்து யூஜினைப் பார்த்தார்கள்.

"என்னவே பாத்துக்கிட்டு நிக்கேரு?" என்றார் முத்துக்குமாரசாமி. "முப்பத்து நாலு வருசம் வழி தவறாத ஆளு நீருதான. கொண்டுபோவும்."

யூஜினின் நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி போன பிறகு கடலுக்கே போகாததால் ஓராண்டாக யாரும் அவரிடம் வழி கேட்டதில்லை. ஒரு பிளவுபட்ட மரத்தையும் அதற்குப் பின்னால் ஆமை முதுகுபோல் கிடந்த பாறையையும் கோடு சேர்த்தார். "எனக்க பொறத்தால வாங்க" என்று நடந்தார். ஒரு மணிநேரம் நடந்தார்கள். முன்னால் ஒரு பாறை வந்தது. ஆமை முதுகுபோல் இருந்தது.

"இது வேற ஆம" என்றார் யூஜின்.

மறுபடியும் கோடு சேர்த்து நடந்தார்கள். அதே ஆமை. மூன்றாவது தடவையும் அதே ஆமை. இந்தத் தடவை அது அவர்களை அடையாளம் கண்டுகொண்டதுபோல் இருந்தது.

"என்னவே, கடல்லயும் இப்படித்தான் சுத்துவேரா?" என்றார் முத்துக்குமாரசாமி.

"இவரு மீனப் பிடிக்கல. மீனு வட்டம் சுத்தித் தலசுத்தி விழுந்திருக்கும். இவரு பெறக்கிட்டு வந்திருப்பாரு" என்றாள் தாணம்மாள்.

தாணம்மாள் காத்திருந்தாள். பதில் வரவில்லை என்றதும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

யூஜின் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஈரச் சருகின்மேல் உட்கார்ந்தார். தவறு எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடலில் அடையாளம் தூரத்தில் அசையாமல் நிற்கும், படகுதான் அசையும். இங்கே அடையாளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டடி நகர்ந்தால் கோடும் கூடவே நகர்ந்தது. தூரத்து அடையாளத்தைத் தேடிப் பார்த்தால் கூனிமலையைக் காணவில்லை. எப்படிக் காணும்?

"எனக்குத் தெரியல" என்றார்.

முப்பத்து நான்கு ஆண்டில் அந்த வாய் சொல்லாத சொல். ஞானதாசன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கூனிமலைய வச்சித்தான் நான் எங்கயும் போவேன். இப்பம் அதுக்க மேலேயே நிக்கேன். இங்க நின்னு பாக்கதுக்கு ஒன்னும் இல்ல." கொஞ்சநேரம் சருகைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "அவ கேப்பா. 'எந்நேரமும் அந்த மலையையே பாக்கியளே, அங்க யாரு இருக்கா, ஒருநாளு என்னையும் கூட்டிட்டுப் போங்க'ன்னு. சீசன் முடியட்டும்ணு சொன்னேன். இருவத்தஞ்சு வருசம் சீசன் முடியல."

பேசக்கூடாது என்ற விதியை அன்றுதான் எல்லாரும் உண்மையாகக் கடைப்பிடித்தார்கள்.

"வீட்டுல படுத்தா, காலுக்கு நேர திருஇருதயப் படத்துக்க கீழ சின்ன பல்பு எரியும். இந்தப் பக்கம் அவளுக்க தோளு. ரெண்டையும் பாத்தா நான் எங்க கெடக்கேன்னு தெரியும். கண்ணு தானா மூடும். இப்பம் பல்பு மட்டும் எரியுது." யூஜின் நிமிர்ந்து தாணம்மாளைப் பார்த்தார். "ஒத்த அடையாளத்த வச்சி எடம் பிடிக்க முடியாதுக்கா. நடுக்கடல்ல கெடக்க மாதிரி இருக்கு. நடுக்கடல்ல எவனாவது ஒறங்குவானா?"

தாணம்மாளுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யூஜினின் வலப்பக்கம் ஐந்தடி தள்ளி, ஒரு மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு முத்துக்குமாரசாமியைப் பார்த்தாள்.

"நீரு என்னவே கோயில் தூணு மாதிரி நிக்கேரு? அங்கன போயி இரியும். அவருக்க காலுக்கு நேர."

முத்துக்குமாரசாமி போய் உட்கார்ந்தார்.

"நான் இங்கன இரிக்கேன். அவரு அங்கன இரிக்காரு. ரெண்டாச்சு" என்றாள் தாணம்மாள். "போதுமா, இன்னும் வேணுமா மக்கா?"

யூஜின் அவளைப் பார்த்தார். முத்துக்குமாரசாமியைப் பார்த்தார். ஒற்றைக்கண்ணை மூடி இரண்டையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். பிறகு மற்றக் கண்ணையும் மூடினார். அப்படியே சரிந்தார்.

அப்போது மணி பதினொன்று நாற்பது.

குறட்டை வந்தது. முதல் குறட்டையில் அந்தப் பக்கத்துப் பனி முழுவதும் விலகியது. இரண்டாவது குறட்டையில் பாதை தெரிந்தது. எல்லாரும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் தாணம்மாள் எழுந்திருக்கவில்லை.

"அடையாளம் எழும்பிப் போனா அந்த ஆளு முழிச்சிருவாரு" என்றாள். "யாரும் அசையப்படாது."

முத்துக்குமாரசாமிக்கு மூன்று மணிக்குச் சிறுநீர் முட்டியது. அவர் எழுந்த நொடியில் யூஜினின் கால் பெருவிரல் அசையத் தொடங்கியது. ஞானதாசன் பாய்ந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். விரல் நின்றது. அதிலிருந்து முறை உண்டாயிற்று. யாராவது எழ வேண்டுமானால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் உட்கார வேண்டும். கடைசிப் பஸ்ஸின் கண்டக்டர், ஆட்களைக் காணோமே என்று தேடி மேலே வந்தவர், விவரத்தைக் கேட்டுவிட்டுத் தானும் இரண்டு மணிநேரம் முத்துக்குமாரசாமியின் இடத்தில் இருந்தார். பஸ் கீழே காத்துக்கொண்டிருந்தது. அதில் இருந்த பயணிகள் நேரம் போகாமல் ஒவ்வொருவராக மேலே ஏறிவந்து வரிசையில் நின்றார்கள்.

பஸ்காரர்கள் மூலம் செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரை ஊரே வந்துவிட்டது. வள்ளத்தை மூடும் தார்ப்பாயைக் கொண்டுவந்து நாலு மரத்தில் இழுத்துக் கட்டினார்கள். யூஜின் தட்டி எழுப்பிய கதவுக்காரர்கள், மடியில் வைத்திருந்த பிள்ளைகளின் தாய்மார்கள், அருமனைக்குப் போயிருந்த திருடன் உள்பட எல்லாரும் வந்தார்கள். கடற்கரை ஊர் ஒரு மணிநேரம் சத்தமில்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. பங்குத்தந்தை பூசையில்கூட அப்படிக் கண்டதில்லை என்றார். இந்தப் பக்கம் மீன்குழம்பும் மரச்சீனிக்கிழங்கும். அந்தப் பக்கம் சுசீந்திரத்துக்காரர்களின் அவியலும் தயிர்ச்சோறும். நடுவே யூஜின். மீன்வாடை தாணம்மாளை நோக்கித்தான் அடித்தது. அவள் மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினாள், அசைந்தால் கோடு மாறிவிடும் என்று கையைக் கீழே போட்டாள்.

சாயங்காலம் மருமகள் மலையேறி வந்தாள். சேலையெல்லாம் அட்டை, தலையெல்லாம் சாரல்.

"அத்தை, உங்களுக்குப் புத்தி இருக்கா? ராத்திரி முழுசும் காட்டுல இரிந்திருக்கிய. பிரஷர் மாத்திரை போட்டியளா? ஊரு சிரிக்கும். கேக்க நாதியில்லன்னு நெனச்சியளா?"

தாணம்மாள் வாய் பிளந்து அவளைப் பார்த்தாள். பிறகு மெல்ல, ஆசையோடு, "ஏட்டி, இன்னொருக்க சொல்லு" என்றாள். மருமகள் சொன்னாள். முதலில் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். தாணம்மாளுக்கு மூச்சு நெஞ்சு நிறைய வந்துபோயிற்று.

திங்கள்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு முத்துக்குமாரசாமி தன் காலைக் கவனித்தார். அது எங்கும் போகவில்லை. சருகுக்குள் கட்டைவிரலைப் புதைத்துக்கொண்டு, யூஜினின் காலுக்கு நேராக, இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு டாக்ஸி வந்தது. இதுவும் நடிப்புதான் என்று ஞாயிற்றுக்கிழமை ஊரோடு வராமல் வீட்டிலேயே இருந்த லிஜா, முந்தின இரவு ஊர்க்காரர்கள் திரும்பிப்போய்ச் சொன்னதையும் நம்பவில்லை. ஆனாலும் பெட்டியைக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். மலையேறி வந்தவளுக்கு ஊர் வழிவிட்டது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியில் குந்தி உட்கார்ந்து பெருவிரலைப் பார்த்தாள். கால்மணி நேரம் பார்த்தாள். அது அசையவில்லை.

"எத்தன நேரமா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நாப்பத்தஞ்சு மணிநேரமாச்சு மக்களே" என்றார் ஞானதாசன். "எழுப்பட்டா? போறதுக்கு முன்ன ஒரு வார்த்த..."

"வேண்டாம்."

அவள் எழுந்து தாணம்மாளிடம் போனாள். "அத்தை, நீங்க கொஞ்சம் எழும்புவியளா? பத்து நிமிசம் நான் இரிக்கேன்."

தாணம்மாள் எழுந்தாள். முழங்கால் இரண்டும் வெடித்தன. லிஜா அந்தச் சூட்டில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். சாரல் தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது. யூஜின் ஒரு தடவை புரண்டு, அவள் இருந்த பக்கமாகத் திரும்பி, கையை நீட்டி, சருகில் வைத்துக்கொண்டார். அவள் தொடவில்லை. பத்து நிமிடம் அரைமணி ஆயிற்று. டாக்ஸிக்காரர் கீழே ஹாரன் அடித்தார். அவரை ஊர்க்காரர்கள் போய் அமைதிப்படுத்தினார்கள்.

லிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இரிங்க அத்தை" என்றாள். தாணம்மாள் பழைய இடத்திலேயே, ஓர் அங்குலம் பிசகாமல் உட்கார்ந்தாள்.

"தைரியமாப் போ மக்கா. நாங்க எங்கயும் போவமாட்டோம்" என்றாள்.

யூஜின் கண்விழித்தபோது மணி நாலு பத்து. உச்சியிலிருந்து காலை வெயில் அப்போதுதான் தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தார், சுற்றிலும் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். அது தன் வள்ளத்தினுடையது என்று கண்டுகொண்டார்.

"என்ன நாளாக்கும்?"

"திங்கக்கெழம" என்றார் முத்துக்குமாரசாமி.

"லிஜா?"

தாணம்மாள் சொன்னாள். "வந்தா. ஒம்ம பக்கத்துல இரிந்தா. பெறவு பிளைட்டு ஏறப் போயிட்டா. இந்நேரம் கடலுக்க மேல பறந்துக்கிட்டு இரிப்பா."

யூஜினின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, சாரல் நின்று அரைமணி ஆகியிருந்தது. யாரும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் கடைசியில். "முழிச்சிருந்தா நான் விட்டிருக்கமாட்டேன்."

பிறகு பசிக்கிறது என்றார். இலையில் மீன்குழம்பு வந்தது. தாணம்மாளின் மருமகள் தயிர்ச்சோற்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

"தயிரையும் மீனையும் ஒண்ணாத் தின்னா வெண்குட்டம் வரும்வே" என்றாள் தாணம்மாள்.

"வரட்டும்க்கா. பெறவு நானும் நீங்களும் ஒரே நெறமா இரிப்போம்."

அவர் தின்றுமுடிக்கிறவரை எல்லாரும் இருந்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள். வழி கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது, நீங்க போங்க, நான் பொறத்தால வருதேன்" என்று யூஜின் சந்தோஷமாகச் சொன்னார். அன்று இரவு தன் கட்டிலில், காலுக்கு நேரே பல்பையும் பக்கவாட்டில் கூனிமலைத் திசையையும் இரண்டு அடையாளமாக வைத்துப் படுத்து, ஊர் வழக்கப்படி எட்டு மணிக்கெல்லாம் உறங்கிப்போனார். மறுநாள் கடற்கரையில் ஒருவர்கூட நேரத்துக்கு எழவில்லை. தெருநாய் மறுபடி வேலைக்குத் திரும்பியது. அடுத்த சனிக்கிழமை கூனிமலைக்கு எழுபது பேர் வந்தார்கள்.

கூனிமலை என்று இங்கே சொல்லப்பட்ட இடம் காடு அல்ல. 1974இல் வரிசைக்கு வரிசை இருபதடி விட்டு நட்ட ரப்பர் தோட்டம், இரண்டு பக்கமும் தார்ரோடு. வழி தவற அங்கே இடமே இல்லை என்பதைத் தவிர, மற்றதெல்லாம் சத்தியம்.